ராஜாவின் சும்மாடு

எங்கள் தீவின் மலைக் கிராமம் மோர்ன் லாவியில், டெய்லர் பொலிதோரின் வீட்டோடு சேர்ந்த கடை வாசலில் ஒரு பலகை தொங்கும். ‘வாழைக் கறையோடு உள்ளே வராதே’ என்று அவரே தம் கைப்பட எழுதியது. அந்தக் கறை படாத ஆள் எங்கள் ஊரில் யார் என்று பார்த்தால் சாமியாரும், கைக்குழந்தைகளும், பொலிதோரும்தான். அதனால் அளவு எடுப்பது, கடன் சொல்வது, வம்பளப்பது எல்லாம் வாசலிலேயே நடந்தன. உள்ளே தையல் மிஷினும் அவரும் மட்டும் சுத்தபத்தமாக இருந்தார்கள்.

வாழைக் கறையின் குணம் உங்களுக்கும் தெரிந்ததுதான். தாரை வெட்டும்போது வடிகிற பால் முதலில் தண்ணீர் மாதிரி சாதுவாக இருக்கும். காய்ந்த பிறகுதான் தன் வேலையைக் காட்டும். எலுமிச்சை, உப்பு, மண்ணெண்ணெய், மாதா கோயில் தீர்த்தம் என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் அசையாது. சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, “மாஸ்டர், இது போகுமா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் முப்பது வருஷமாக அவர் சொன்ன பதில் ஒன்றுதான்.

“போகும். துணி போகும்போது கூடவே போகும்.”

ஆகவே எங்கள் ஊரில் ஆளுக்கு இரண்டு ஜதை உடுப்பு. தோட்டத்துக்கு ஒன்று, பூசைக்கு ஒன்று. பூசைக்கானது பழசானால் தோட்டத்துக்கு இறங்கும், பூசைக்குப் புதுசு தைக்க வேண்டும். அந்தக் கறை மட்டும் இல்லையென்றால் பாதிப் பேர் ஒரே சட்டையில் ஆயுசைக் கழித்திருப்பார்கள், பொலிதோர் ஈயோட்டிக்கொண்டிருந்திருப்பார். ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் அவர் ஒருவருக்கு மட்டும் உறைக்கவே இல்லை.

அவருக்குக் கறைமேல் கோபம் இருந்தது. அப்பா மேட்டுச் சரிவில் வாழை வைத்திருந்தார். பொலிதோர் சிறுவனாக இருந்தபோது விடிகாலையில் தார் சுமந்துவிட்டு, அதே சட்டையோடு பள்ளிக்கூடம் போவார். ஒருநாள் வாத்தியார் சட்டையைப் பார்த்து முகத்தைச் சுளித்து, “இந்தக் கோலத்தோட உள்ள வராதே” என்று வெளியே நிற்க வைத்துவிட்டார். வகுப்பு முடியும்வரை ஜன்னல் வழியாகப் பாடம் கேட்டுக்கொண்டு நின்ற பையன், வளர்ந்ததும் தலைநகர் காஸ்ட்ரீஸுக்குப் போய்த் தையல் கற்றுக்கொண்டான். அப்பா காலமானபின் நிலத்தை எர்மினாவின் புருஷனுக்கு விற்றுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த எர்மினா அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அவள் மகளுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்றவர் பொலிதோர். அந்த உறவில் அவள் அவரைக் கொம்பே என்பாள், அவர் அவளைக் கொம்மே என்பார். புருஷன் போனபிறகு தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்பவள். தலையில் தாரை வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் வீசி, ஊர்க்கதை பேசியபடியே சரிவில் இறங்கி வருவாள்.

அந்த வருஷம் ரோஜாச் சங்கத்துக்கு ராஜா பொலிதோர், ராணி எர்மினா. எங்கள் பக்கத்தில் ஆளாளுக்கு ஒரு சங்கம் உண்டு, ஒன்று ரோஜா, இல்லாவிட்டால் மார்கரீத். ஆகஸ்டு கடைசியில் ரோஜாத் திருவிழா. அன்றைக்குச் சங்கத்துக்காரர்கள் ராஜா, ராணி, இளவரசர், நீதிபதி, போலீஸ் என்று வேஷம் கட்டிக்கொண்டு பூசைக்கு ஊர்வலமாகப் போய், பிறகு வீதியெல்லாம் ஆடிப்பாடி வருவார்கள். பொலிதோர் வாலிபத்தில் போலீஸாக இருந்தார். பிறகு இளவரசர். இரண்டு தடவை நீதிபதி. எல்லா ராஜாவுக்கும் அங்கி தைத்தவர் அவர்தான், ராஜாவாக மட்டும் அவரை யாரும் சொன்னதில்லை. இந்த வருஷம் சொன்னார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, பக்கவாட்டில் திரும்பி, தம் மூக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பாக்கிறே?” என்று கேட்டாள் மனைவி லியோனி.

“நாணயத்துல போட்டா எப்படி இருக்கும்னு பாக்கிறேன்.”

“செல்லாக் காசுலயா?”

லியோனி மார்கரீத் சங்கத்துக்காரி. அவர்கள் திருவிழா அக்டோபரில். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அந்த விஷயத்தில் மட்டும் அந்த வீட்டில் சமாதானம் கிடையாது. ராஜாவின் உடுப்பை மற்றச் சங்கத்துக்காரர் முன்கூட்டியே பார்த்துவிடக் கூடாது என்பது முறை. பார்த்தால் அதை வைத்து ஒரு கேலிப்பாட்டுக் கட்டிவிடுவார்கள், அது ராஜாவின் சவப்பெட்டிவரை கூடவே வரும். ஆகவே பொலிதோர் அங்கியைத் தாளிட்ட பெட்டியில் வைத்துக்கொண்டார். தொல்லை கொடுத்தது பட்டைதான். தோளிலிருந்து மார்பின் குறுக்கே வரும் அகலமான ரோஜா நிற சாட்டின் பட்டை, அதன்மேல் தங்க நூலில் அவரே போட்ட ரோஜாப் பூக்கள். அது இல்லாவிட்டால் ராஜாவுக்கும் இளவரசருக்கும் வித்தியாசமில்லை. நூல் வேலை முடியாததால் அதைப் பூட்டி வைக்க முடியவில்லை. லியோனி கொக்கோ டீயோடு உள்ளே வரும்போதெல்லாம் அதைச் சுருட்டி ஒளிப்பார். முதலில் அலமாரிக்குப் பின்னால். அப்புறம் தலையணை உறைக்குள். கடைசியில் பழைய மாவுச் சாக்கில் சுற்றி மிஷினுக்கு அடியில் துண்டுத்துணிக் குவியலோடு தள்ளிவிட்டார். இடத்தை மாற்றி மாற்றி அவருக்கே குழம்பிப்போயிருந்தது.

ராணிக்கு அளவு எடுத்தது வழக்கம்போல வாசலில்.

“கையத் தூக்கு கொம்மே. ஏன் தலையில தார் இருக்கிற மாதிரியே நிக்கிறே?”

“கழுத்து பழகிப்போச்சு கொம்பே. கிரீடத்த வச்சா ஆடாம நிக்கும். உன் கழுத்துதான் இஞ்ச் டேப்பத் தவிர வேற பாரம் அறியாதது. அன்னைக்குக் கிரீடம் சரிஞ்சு மூக்குல உக்காரப் போகுது, பாத்துக்கிட்டே இரு.”

“என் மூக்குக்கு என்ன குறைச்சல்?”

“ஒரு குறைச்சலும் இல்லே. கிரீடத்தத் தாங்கும்.”

அளவெடுத்தபடியே பொலிதோர் தம் பிரசங்கத்தை ஆரம்பித்தார். அது ஊருக்கே மனப்பாடம். “உலகம் எங்கேயோ போயிட்டிருக்கு. மிஷின் வச்சவன் முன்னேறினான். நாம இன்னும் மண்ணக் கிளறிக்கிட்டு, வாரா வாரம் கப்பல் வருமா வருமான்னு கடலப் பாத்துக்கிட்டு நிக்கிறோம். சேத்த நம்பி எந்த நாடு உருப்பட்டிருக்கு? கைத்தொழில் வேணும் கொம்மே, கைத்தொழில்!”

“நல்லாச் சொன்னே. இடுப்புல மட்டும் கொஞ்சம் தாராளமா விடு. அன்னைக்கு நிறையச் சாப்பிடப் போறேன்” என்றாள் எர்மினா.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை மழை பிடித்துக்கொண்டது. புதன்கிழமை காலையில் எழுந்து பார்த்தால், கீழ்வளைவில் மலைச்சரிவு அப்படியே வழிந்து சாலைமேல் உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் லாரிகள், நடுவில் இடுப்பளவு சேறு. புதன்தான் எங்களுக்குத் தார் இறக்கும் நாள். வியாழன் கப்பல் ஏறும். வெள்ளி பணம் வரும். இது மூன்றும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகிற சமாசாரம்.

பொலிதோர் குடையைப் பிடித்துக்கொண்டு போய் மண்சரிவை எட்ட நின்று பார்த்தார். உச்சுக் கொட்டினார். திரும்பி வந்து ராணியின் கவுனுக்கு ஜரிகை வைக்க உட்கார்ந்தார். பாவம் விவசாயிகள் என்று நினைத்தார். நிஜமாகவே பரிதாபமாகத்தான் இருந்தது.

முதலில் வந்தது பள்ளிக்கூட டீச்சர். இளவரசி வேஷம் அவளுக்கு. வாசலில் நின்று தயங்கினாள். “மாஸ்டர், கவுன் இப்போதைக்கு உங்ககிட்டயே இருக்கட்டும். வீட்டுல தார் இறங்கலே.” அடுத்து பஸ் டிரைவர், நீதிபதியின் அங்கி அவனுக்கு. சந்தைக்குப் போகிறவர்கள் போகவில்லை, பஸ்ஸில் நாயும் அவனும்தான் உட்கார்ந்திருந்தார்களாம். பிறகு கோயில்பிள்ளை வந்து, ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டை நினைத்தால் சாமியாருக்கு இப்போதே தலைவலி என்று சொல்லிவிட்டுப் போனான். ஒவ்வொருவராக வந்து, தைத்த உடுப்பைத் தடவிப் பார்த்து, அப்படியே தொங்கவிட்டுப் போனார்கள். கொக்கிகளில் ஒரு ராஜசபையே ஆளில்லாமல் தொங்கியது.

கடைசியாக தெர்சீல் வந்தாள். சாராயக்கடை வைத்திருப்பவள், ரோஜாச் சங்கத்தின் பாட்டுக்காரி. அவள் முதல் அடியைப் போட்டால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். அந்தக் குரல் அன்று இறங்கியிருந்தது.

“மாஸ்டர், மனசத் தேத்திக்கோ. திருவிழாவத் தள்ளி வைக்கணும்னு பேசிக்கிறாங்க.”

“தள்ளி வைக்கிறதா? எதுக்கு?”

“எதுக்குன்னா? நான் எத வச்சு ஆடு வெட்டுவேன்? எண்ணெய்ச் சட்டிய இன்னைக்குக் கவுத்துட்டு வந்திருக்கேன். மேளக்காரன் வரமாட்டேங்கிறான். எனக்குத் தொண்டை இருக்கு, அதுக்குக் காசு வேணாம். மத்தது எல்லாத்துக்கும் வேணுமே. கப்பல் போயிட்டா ஊருக்கு மூச்சு நின்ன மாதிரிதான்.”

“எவ்வளவு நாளைக்குத் தள்ளுவீங்க?”

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்கிறாங்க. அடுத்த வருஷ ராஜா மேல்வீட்டு ஒக்தாவ்னு ஏற்கெனவே முடிவாயிட்டது, உனக்கே தெரியும்.”

பொலிதோர் ஊசியைக் கீழே வைத்தார். போலீஸாக, இளவரசராக, நீதிபதியாகக் காத்திருந்த வருஷங்களெல்லாம் கண்முன்னால் வந்தன. தமக்கும் வாழைக்கும் நடுவில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, ஒரு சம்பந்தமும் இல்லையென்று நிம்மதியாக இருந்த மனிதர் அவர். இப்போது பார்த்தால் அவருடைய கிரீடமே கீழ்வளைவுச் சேற்றில் சிக்கிக் கிடந்தது.

“அரசாங்கம் ரோட்டச் சரிபண்ணும்” என்றார், குரலில் பலமில்லாமல்.

“பண்ணும், பண்ணும்” என்றாள் உள்ளேயிருந்து லியோனி. “எங்க மார்கரீத் திருவிழாவுக்குள்ள நிச்சயம் பண்ணிடுவாங்க.”

அப்போதுதான் சங்குச் சத்தம் கேட்டது. சங்கு ஊதினால் கூத்மே என்று அர்த்தம். ஒருவர் வேலைக்கு ஊரே கை கொடுக்க வேண்டும், கூப்பிட்டவர் வீட்டில் சாப்பாடு, நாளை மற்றவர்கள் வேலைக்கு அவர் போவார். அன்று ஊதியவள் எர்மினா. அட்டைப்பெட்டி மழையில் கூழாகிவிடும், அதனால் தாரைத் தாராகவே தலையில் சுமந்து மண்சரிவைத் தாண்டி, அந்தப் பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றுவது என்று அவள்தான் யோசனை சொன்னாளாம். அவள் தார் மட்டுமில்லை, ஊர்த் தார் எல்லாம்.

பொலிதோர் கூத்மேக்கு இதுவரை போனதில்லை. ஒரு பாட்டில் சாராயத்தை அனுப்பிவிடுவார். அதையே மரியாதை என்று ஊரும் ஏற்றுக்கொண்டிருந்தது. அன்றும் பாட்டிலோடு வாசலுக்கு வந்தார். எர்மினா நனைந்துகொண்டு, மூச்சு வாங்க நின்றாள்.

“பாட்டில் தார் தூக்குமா கொம்பே?”

“இல்ல கொம்மே, வழக்கமா…”

“வழக்கமா மலை ரோட்டுல வந்து உக்காருதா? ஆள் பத்தலே. இருட்டுறதுக்குள்ள முடியணும். நான் ராணியா வரணும்னா எனக்கு ஒரு ராஜா வேணும். வர்றியா, இல்ல ஒக்தாவக் கூப்பிடட்டுமா?”

ஒக்தாவ் என்ற பெயர் சுருக்கென்று தைத்தது. “சும்மாட்டுக்குத் துணி எடுத்துட்டு வர்றேன், இரு” என்று பொலிதோர் உள்ளே பாய்ந்தார். வாடிக்கைக்காரர் துணியைத் தொட மனம் வரவில்லை. குனிந்து மிஷினுக்கு அடியில் கையை விட்டார். மெத்தென்று, திட்டமான கனத்தில், ஏற்கெனவே சுருட்டிய ஒரு மாவுச் சாக்கு அகப்பட்டது. அதைத் தலையில் வைத்துக்கொண்டே ஓடினார்.

முதல் நடை அசிங்கமாகத்தான் இருந்தது. தாரைத் தூக்கி வைத்ததும் கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டது போலிருந்தது. சேற்றில் ஒரு கால் புதைந்து செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. முன்னால் போன பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

“பூமியப் பாக்காதே கொம்பே, எதிர்ல பாரு!” என்று பின்னாலிருந்து கத்தினாள் எர்மினா. “பூமி எங்கேயும் ஓடிப்போகாது!”

எதிரில் பார்த்தார். கழுத்து தானாக நிமிர்ந்தது. இடுப்பு தானாக வளைந்து கொடுத்தது. சிறுவயதில் சுமந்த உடம்பு, இத்தனை வருஷம் தூங்கிவிட்டு இப்போது கண்விழித்துக் கொண்டதுபோல் அடியெடுத்து வைத்தது. இரண்டாம் நடையில் ஒரு கையை விட்டார். நாலாவது நடையில் இரண்டு கையையும் வீசினார். அதற்கு ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. காதோரமாகவும் பிடரியிலும் பால் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

“இது எந்தத் தோட்டத்துத் தார்? நல்ல கனம்” என்று கேட்டார் ஒரு நடையில்.

“உங்கப்பன் தோட்டத்துது. மேட்டுச் சரிவு. வேற எங்க இப்படிக் காய்க்கும்?” என்றாள் எர்மினா.

 பொலிதோர் பூச்சி படாமல் தாருக்கு மாட்டியிருந்த நீல உறையை ஒரு கையால் தடவிக்கொண்டே நடந்தார். அவருக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

இருட்டுவதற்கு முன்னால் கடைசி லாரி கிளம்பியது. அந்தப் பக்கத்துக் குழாயடியில் எல்லாரும் கைகால் கழுவினார்கள். எர்மினா பெரிய சட்டியில் பச்சை வாழைக்காயும் உப்பு மீனும் கொண்டுவந்திருந்தாள். பொலிதோர் முகத்தைத் துடைக்கத் தலையிலிருந்த சாக்கை எடுத்து உதறினார்.

ரோஜா நிறத்தில் ஏதோ விரிந்து விழுந்தது. தங்க நூல் பளபளத்தது.

சட்டி அருகில் இருந்தவர்கள் கிட்டே வந்தார்கள். சாக்கைத் தாண்டி, பட்டையின் நட்டநடுவில் அகல அகலமாக ஈரம் ஊறியிருந்தது. அவ்வளவுதான், வெறும் ஈரம்.

“தண்ணிதானே, காஞ்சிரும்” என்றாள் தெர்சீல் மெதுவாக.

எர்மினா பட்டையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டாள். “போகுமா மாஸ்டர்?”

பொலிதோர் சேற்றில் அப்படியே உட்கார்ந்தார். “போகும்” என்றார். “துணி போகும்போது கூடவே போகும்.”

வீட்டுக்கு வந்ததும் லியோனியின் கண்ணில் படாமல் அதை மறைக்க அவருக்குத் தெம்பில்லை. அவள் பார்த்தாள். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. எலுமிச்சம்பழத்தை வெட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தேய் தேய் என்று தேய்த்தாள். அடுத்து உப்பு, அதற்கடுத்து மண்ணெண்ணெய். காலையில் பார்த்தபோது கறை நன்றாகக் கறுத்து, வரைபடத்தில் தீவுக்கூட்டம் போல வரிசையாக நின்றது.

“என் சங்கத்துல சொல்லமாட்டேன்” என்றாள் லியோனி.

“நெசமாவா?”

“அக்டோபர் வரைக்கும்.”

புது சாட்டின் காஸ்ட்ரீஸில்தான் கிடைக்கும். சாலை அடைத்துக் கிடந்தது, போய் வந்து மறுபடி நூல் வேலை செய்ய நாளும் இல்லை. பட்டை இல்லாமல் போனால் ராஜா இல்லை, கறையோடு போனால் மானம் இல்லை. உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார்.

வெள்ளிக்கிழமை பணம் வந்தது. தெர்சீலின் எண்ணெய்ச் சட்டி காலையிலேயே சொய்யென்று சத்தம் போட்டது. பஸ் டிரைவர் மண்சரிவுவரை ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், நாயை இறக்கிவிட்டதாகச் சொன்னான். டீச்சர் கவுனுக்கு வந்தாள், ஆடு விற்றவன் மகனுக்குக் கால்சட்டைக்கு வந்தான். ஒவ்வொருவராக வாசலில் நின்று காசை நீட்டினார்கள். விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் கறுப்பு அப்பிய கைகள். முப்பது வருஷமாக அவர் வாங்கிய காசெல்லாம் இந்தக் கைகளிலிருந்துதான் வந்தது. இதைப் போய் இன்றைக்குத்தான் பார்க்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. காசை வாங்க நீட்டிய அவர் கையும் அன்று கறுப்பாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லியோனியே ஒரு வழி கண்டுபிடித்தாள். தோட்டத்திலிருந்து ரோஜாப் பூக்களைப் பறித்துவந்து, கறைமேல் வரிசையாகக் குண்டூசியால் குத்திவிட்டாள். “மார்கரீத்காரி கையால ரோஜா குத்தறேன். எங்க ராணி பாத்தா என்னைய சங்கத்தவிட்டே தள்ளிடுவா” என்று முணுமுணுத்தாள்.

பூசைவரை பூக்கள் நின்றன. பொலிதோர் கிரீடத்தோடு நிமிர்ந்து நடந்தார். எர்மினா சொன்னபடி அது மூக்கில் வந்து உட்காரவில்லை, ஒரு அங்குலம்கூட அசையவில்லை. பூசை முடிந்து வீதிக்கு வந்து மேளம் ஆரம்பித்ததும் வினை வந்தது. ராஜா ஆடாமல் இருக்கக் கூடாது. இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு பூ விழுந்தது. அடுத்த சுற்றில் இரண்டு. மேளக்காரன் உற்சாகமாகிவிட்டான். கொஞ்ச நேரத்தில் ராஜாவின் காலடியெல்லாம் ரோஜா, மார்பெல்லாம் கறை.

மேளம் தயங்கியது. வேலியோரம் நின்ற மார்கரீத்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பொலிதோருக்குக் காது சூடேறியது. அப்போது தெர்சீல், பாடிக்கொண்டிருந்த பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, புதுசாக ஒரு அடியைத் தூக்கிப் போட்டாள்.

“ஊரு ஊரா ராஜாவுக்கு வாளும் வேலும் உண்டு,
எங்க ராஜா மார்புமேல வாழக்கறை உண்டு!”

ஒரு கணம்தான். பிறகு வீதி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. வாழக்கறை உண்டு, வாழக்கறை உண்டு என்று டீச்சர் பாடினாள், பஸ் டிரைவர் நீதிபதி அங்கியோடு குதித்தான், மார்கரீத்காரர்கள்கூட வேலிக்கு அந்தப் பக்கம் கால் தட்டினார்கள். கேலிதான், ஆனால் கேலி செய்த ஒவ்வொருவரும் புதன்கிழமை அவர் கூடச் சேற்றில் நடந்தவர்கள். பொலிதோர் கையை இன்னும் உயர்த்தி இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

ஊர்வலம் ராஜாவின் வீட்டில் முடிவது வழக்கம். ராஜா கதவைத் திறந்து சபையை உள்ளே அழைத்துச் சாராயமும் சாப்பாடும் கொடுக்க வேண்டும். பொலிதோர் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

“நில்லு கொம்பே!” என்றாள் எர்மினா. ராணிக்குரிய கம்பீரத்தோடு விசிறியால் சுட்டினாள். “பலகை என்ன சொல்லுது?”

கூட்டம் முழுக்கப் பள்ளிப்பிள்ளைகள் மாதிரி ராகம் போட்டு ஒரே குரலில் படித்தது: “வாழைக் கறையோடு உள்ளே வராதே!”

சிரிப்பு வீதியை அதிரவைத்தது. பொலிதோரும் சிரித்தார், சட்டென்று நிறுத்தினார். கறை பட்ட சட்டையோடு வகுப்பு வாசலில் நின்ற அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். அந்த வாத்தியார் சொன்னதைத்தான் பலகையில் எழுதி, ஊரையே அந்த வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

“பட்டையக் கழட்டிட்டு உள்ள போ, இல்ல எங்களோட வெளிய நில்லு” என்றாள் எர்மினா. “சட்டம்னா சட்டம்.”

“பட்டையக் கழட்டமாட்டேன்” என்றார் பொலிதோர். எட்டிப் பலகையை ஆணியோடு பிடுங்கி லியோனியிடம் கொடுத்தார். “காஞ்ச மரம். அடுப்புக்கு ஆகும்.”

பிறகு ஒதுங்கி நின்று கதவை அகலத் திறந்தார். முதலில் எர்மினாதான் நுழைந்தாள். நடுக்கூடத்தில் நின்று கண்ணாடி, மிஷின், துண்டுத்துணிக் குவியல் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா உள்ள?” என்றாள். அவருடைய தையல் நாற்காலியை இழுத்துப்போட்டு அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, சாப்பாடு எங்கே என்று கேட்டாள்.